உலோகம் இருக்கோ

எந்திரத்துக்குள் விடமுன் எல்லாரிடமும் கேட்பேன்:
திறப்பு, காப்பு, கொண்டையூசி, கட்டுப்பல்.
பிறகு தாளைப் பார்த்தபடி கடைசிக் கேள்வி,
உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ?

படிவம் வெளிநாட்டில் எழுதினது.
அங்கே அது இதயத்தில் வைத்த கருவியைக் கேட்கிற கேள்வி.
யாழ்ப்பாணத்தில் சிலர் சட்டையை உயர்த்துவார்கள்.
ஒரு ரீச்சர் என் கையைப் பிடித்துத்
தன் முழங்காலில் வைத்தா:
"இதில ஒண்டு. மழைக்கு உளையும்."
எத்தனை என்றால் சிரிக்கிறவர்களும் உண்டு.

வேலும்மயிலும் சொன்னார்:
"பேரிலயே வேல் இருக்கு, தங்கச்சி."

ஐம்பத்துநாலு வயது.
பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர்,
இருபத்தாறு வருசம் அதே ரோட்டு.
இப்போது வாய்க்கு ஊர்கள் வருவதில்லை.
கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி
வழுக்கிக்கொண்டு வரும்.
புத்தூர், ஆவரங்கால், இழுத்துப் பிடித்தால் அச்சுவேலி.
அதற்குப் பிறகு வல்லை வெளி.
இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று,
"அது... மற்றது... அது..."
பஸ் அங்கேயே நிற்கிறது.

எங்கள் ஆய்வு தேடியது இப்படி ஒருவரைத்தான்.
இடப்பக்க மூளையில் கட்டி வளர வளர
சொற்கள் எங்கே இடம்பெயர்கின்றன என்று
படம் எடுத்துப் பார்க்கிற ஆய்வு.
டொக்டர் பிரபாலினி இரண்டு வருசம் அலைந்து
காசு எடுத்தது.

முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.
இடது கண்குழிக்குப் பின்னால்
ஒரு நொய்யரிசி, வெள்ளையாய்.
தோளில் இன்னும் இரண்டு.
காந்தம் அதை அசைத்தால் பார்வை போய்விடும்.
"எப்ப பட்டது?"
"தொண்ணூத்தஞ்சு. இல்லாட்டி அதுக்குப் பிறகு.
அப்ப ஆர் திகதி பாத்தது?"

அட்டவணையில் அவர் ஒரு வரி:
விலக்கு. காரணம், உலோகம்.
மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேரில்
முப்பத்தேழு பேருக்கு அதே காரணம்.
கட்டுரை வரும்போது
வடபகுதி நோயாளரின் மூளை என்று தலைப்புப் போடுவோம்.
ஷெல் படாதவர்களின் மூளை என்று போடமாட்டோம்.
இதைச் சொன்னபோது டொக்டர்
தேத்தண்ணியைக் கீழே வைத்தா. ஒன்றும் பேசவில்லை.
அடுத்த நாள் அட்டவணையில் புதிதாக மூன்று பத்திகள்:
எங்கே, எத்தனை, எந்த வருசம்.

சீ.ரீ. எடுத்தோம், அதில் காந்தமில்லை.
தேசிக்காய் அளவு, ஓரம் கலங்கல்.
எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று அது காட்டாது.
"அப்ப முழிப்பில வைச்சுத் திறப்பம்"
என்றார் சேர்ஜன்.
பேசவைக்கிற அட்டைகளில்
அப்பிள், ஒட்டகம், பனியில் செய்த மனிதன்.
மூன்றையும் பார்த்துவிட்டு
அவர் என்னைப் பார்த்தார்.
பஸ் தரிப்பிடங்களை ஒரு தாளில் எழுதி
தியேட்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே எனக்கு இடமில்லை.
தாதி றொசாந்தி பிறகு சொன்னா:
மின்முனை தொட்ட ஓரிடத்தில்
கோப்பாயோடு நின்றுவிட்டாராம்.
எடுத்த கையோடு
"நீர்வேலி, நீர்வேலி, இறக்கம் இருக்கோ" என்று
தியேட்டர் அதிரக் கத்தினாராம்.
அந்த இடத்தில் கத்தி வைக்கவில்லை.
கட்டியில் ஒரு துண்டை
நீர்வேலிக்காக விட்டுவைத்தார்கள்.

மாசியில் அதே பஸ்ஸில் கண்டேன்.
முன் சீற்றில், தொப்பியோடு, ரிக்கற் எடுத்த பயணியாக.
வல்லைக் காற்று யன்னலை அடித்தது.
புதுக் கொண்டக்டர் பெடியன் வாய் திறக்கமுன்
இவர் சொன்னார்:
"மந்திகை."

நெல்லியடிதான் வரவேண்டும்.
பெடியன் என்னைப் பார்த்தான்.
ஒருத்தரும் திருத்தவில்லை.
நெல்லியடியில் இறங்கவேண்டிய ஆக்கள்
பைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள்.