கெட்ட கட்டங்களின் பட்டியல்

கம்பெனி தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்து, ஆடி மாதம்.
ஆடியிலா என்று பேங்க் மேனேஜரே கேட்டார்.
முனவ்வர் பாஷாவுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்று;
கூட்டாளி தசரத ரெட்டிக்கு நாள் பார்க்க நேரமில்லை.
ராணிப்பேட்டை சிப்காட்டில் கைவிட்ட தோல் ஷெட்.
ஏழு முறை கழுவியும்
மழை நாளில் சுவரிலிருந்து குரோம் வாடை வந்தது.

பெயர்ப் பலகையில் பாலாறு மெமரி.
அந்த ஆற்றின் பெயரா என்று சிரித்தவர்களிடம் பாஷா சொல்வார்:
"தண்ணி வராமலே தடத்தை வச்சிருக்குது பாருங்க,
கரண்ட் போனாலும் மறக்காத சரக்கு நம்மளது."

முதல் சரக்கு நூற்று இருபத்தெட்டு எம்பி,
விலை ஆயிரத்துச் சொச்சம்.
காட்பாடி காலேஜ் பையன்கள் கயிறு கட்டிக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.
நான் டெஸ்ட் மேஜையில்,
மணிக்கட்டில் எர்த் பட்டை, எதிரில் ஹெப்சிபா.
கெட்ட கட்டம் இல்லாத சில்லு பிறப்பதேயில்லை என்று
அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.
பிறக்கும்போதே ஒரு பட்டியல் கூடவே வரும்:
இங்கே எழுதாதே, இங்கே எழுதாதே.
இன்னொன்றையும் திரையில் காட்டினாள்.
ஓரெழுத்தை மட்டும் அழிக்க அதற்குத் தெரியாது,
கட்டம் முழுவதும் போகும்.
போனபின் பூஜ்யம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று
திரை நிறைய.

திரும்பி வந்தவற்றில் பாதி, சலவைக்குப் போன பேண்ட்டிலிருந்து.
ஒன்றில் பல் தடம்.
ஒன்று சந்தனம் குங்குமம் பூசியே வந்தது,
ஆயுத பூஜை முடிந்த வாரம்.

பிறகு விலை இறங்கியது.
தைவானில் வாங்கிய சில்லு
சென்னைத் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் முடிவதற்குள்
பாதி விலை.
பிறகு கரண்ட் போனது, தினம் எட்டு மணி நேரம்.
அடுப்புக்குள் பாதி உருகிய ஈயம் உறைந்து நின்றது,
பலகை பலகையாகக் குப்பைக்குப் போனது.
மறக்காத சரக்கைச் செய்யவும் கரண்ட் வேண்டியிருந்தது.
பாஷா டீசல் பில்லை மடித்து மடித்து
சிகரெட் பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்,
பிறகு பிரிப்பார்.

பதினொன்றாம் வருஷம் ரெட்டி ஒரு சாக்கு கொண்டுவந்தார்.
உள்ளே இரண்டு ஜிபி சில்லுகள்,
கேட்டால் பதினாறு என்று சொல்லப் பழக்கியவை.
இரண்டைத் தாண்டியதும்
முதலில் எழுதியதன் மேலேயே எழுதும், சத்தமில்லாமல்.
முழுதாக எழுதிப் பார்க்க ஒன்றுக்கு ஒரு மணி நேரம்.
எங்களுக்குக் கொடுத்தது நாற்பது விநாடி.
ஹெப்சிபா 'சரி' முத்திரையை மேஜையில் வைத்துவிட்டு
டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு
முத்துக்கடை பஸ்ஸுக்குப் போனாள்.
அன்று மாதம் இருபத்தெட்டாம் தேதி.
நான் முத்திரையை எடுத்தேன்.

அடுத்த சித்திரையில் பேர்ணாம்பட்டு சர்வேயர் நேரில் வந்தார்.
மூன்று கிராமத்து அளவு, ஒன்பது மாத வெயில்,
எல்லாம் அந்த ஒரு டிரைவில்.
கத்தவில்லை.
தண்ணீர் கேட்டுக் குடித்தார்.
ஐந்து மணி பஸ் வரும்வரை
பெஞ்சில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
புது டிரைவ் ஒன்று கொடுத்தோம்.
அதே சாக்கிலிருந்து.

இப்போது அந்த ஷெட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள்.
குரோம் வாடைக்கு மறுபடி உரிமை வந்துவிட்டது.
பாஷா விசாரத்தில் இருக்கிறார், பேசுவதில்லை.
ரெட்டி சித்தூரில் என்கிறார்கள்.

சர்வேயரின் பழைய டிரைவ் என் மேஜை டிராயரில்.
வாரண்டி ஐந்து வருஷம், போன வருஷமே முடிந்தது.
ராத்திரிகளில் அதைச் செருகி
கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறேன்.
நேற்று முதல் கிராமத்தின் ஒரு மூலை கிடைத்தது:
சர்வே எண் நூற்றுப் பதினாலு, ஒரு வட்டக் கிணறு,
பக்கத்தில் இரண்டு புளியமரம் என்று குறிப்பு.
அந்தக் கிணற்றின் நடுவே போகிறது
மூன்றாம் கிராமத்து மயானப் பாதை.