எந்தக் கை

ரிப்பனால் அளந்து வைத்திருந்தேன்.
ரைஸ் குக்கருக்கும் சுவருக்கும் நடுவே
முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
அதற்குமேல் என் மேசை இல்லை.
மேசை முடிந்தால் கட்டில், கட்டில் முடிந்தால் கதவு.

முந்நூற்றேழாம் அறைக்காரர் சுவரைத் தட்டுவார்,
இரவு இரண்டு மணிக்கு, மூன்று தட்டு.
குற்றம் என் பழைய கீபோர்டுடையது.
ஸ்பேஸ்பாரை அழுத்தினால்
தகர டப்பாவில் ஒற்றை நாணயம்.

வாஷிங் மெஷின் கம்பெனிக்கு
ராத்திரி சாட்டில் பதில் போடுகிறவள் நான்.
மிகவும் வருந்துகிறோம், மிகவும் வருந்துகிறோம்,
விடிவதற்குள் நூற்றெண்பது முறை.
இவ்வளவு வருந்தும் விரல்களுக்கு
நல்ல விசை வேண்டாமா?

யோங்சானில், லிஃப்ட் நிற்காத மாடியில்
பியோனின் கடை.
"யார் முதலில் எதை அடிக்கிறார்கள் என்று பார்ப்பேன்" என்றார்.
"பாதிப் பேர் சொந்தப் பெயர்.
ஒருத்தர் வீட்டுக் கதவின் ரகசிய எண்ணை அடித்துவிட்டு
ஓடியே போனார்."

முதலில் தந்தது பிளாஸ்டிக்.
இரு முனையையும் பிடித்து முறுக்கினேன்,
மழைக்காலக் கதவுபோல் முனகியது.
அடுத்தது அலுமினியம், ஒன்றரைக் கிலோ.
திருடன் வந்தாலும் உதவும் என்றார்.
நனைந்த கூழாங்கல்மேல்
நனைந்த கூழாங்கல்லை வைக்கிற சத்தம்.
ஆசையாய்த்தான் இருந்தது.
ஆனால் அம்பு விசைகள் இல்லை.
ஒரு வரி மேலே ஏற இரண்டு விரல் கூட வேண்டும்.
என் வேலையில் அடிக்கடி மேலே போய்
சொன்னதை மாற்ற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நடுவில் இரண்டாய் வெட்டியது.
பாதிக்கும் பாதிக்கும் இடையே
ஒரு கிண்ணம் சோறு வைக்கலாம்.

எங்கள் எழுத்துகள் கீபோர்டில் தனித்தனியே குடியிருப்பவை.
இடக்கையில் மெய், வலக்கையில் உயிர்.
ஒரே ஓர் உயிர் மட்டும், யு,
எல்லை தாண்டி மெய்களின் பக்கம் நிற்கும்.
அதை இடக்கையால் அடி என்றார்கள் பள்ளியில்.
நான் வலக்கையை நீட்டி எடுத்துவருவேன்,
பக்கத்து அறையில் உப்பு கேட்பதுபோல.

யு என்பது ஒரு படுகோடு, கீழே இரண்டு கால்,
மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்குகிற மாதிரி.
இரண்டு யு சேர்த்து அடித்தால் அழுகிறேன் என்று அர்த்தம்.
கதவு திறக்கவில்லை, நாளைக்கு நேர்காணல்,
இருக்கிற ஒரே சட்டை உள்ளே, யுயு.
பதிலுக்கு ஊழியர் அழலாகாது என்பது
கம்பெனி விதி, பதினான்காம் பக்கம்.
மூன்று மணிக்குமேல்
பதினான்காம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்.

வெட்டிய கீபோர்டில் அதைத்தான் அடித்துப் பார்த்தேன்.
வலது விரல் இறங்கியது.
விசை இல்லை.
கடை மேசையின் கண்ணாடி, சில்லென்று.

இத்தனை வருஷம் எந்தக் கையால் அழுதேன் என்று
அன்றுதான் தெரிந்தது.

பியோன் சிரித்தார். "வலக்கைக்காரியா!"
உள்ளே போய், சிறகை விரித்ததுபோல் வளைந்த
ஒன்றோடு வந்தார்.
அதில் இடப்பக்கம் ஒரு யு, வலப்பக்கம் ஒரு யு.
எவனோ ஒருவன் சண்டையே வேண்டாமென்று
இரண்டும் வைத்துவிட்டான்.
அம்பு விசைகளும் இருந்தன, மூலையில், குட்டியாய்.

அகலம் முப்பத்தாறு.
ரிப்பனை இழுத்து இழுத்துப் பார்த்தேன்,
ரிப்பன் என்ன செய்யும்.

இப்போது குக்கர் கட்டிலின் காலடியில்.
தூங்கும்போது பாதத்தில் சூடு.
மூன்று மாதத் தவணை, முதல் மாதம் கட்டியாயிற்று.

முதல் ராத்திரி சுவர் பேசவில்லை.
இரண்டாம் ராத்திரியும்.
மூன்றாம் ராத்திரி, ஒரு தட்டு,
மெதுவாக, கேள்வி கேட்பதுபோல.
யாரோ சோப்புத்தூளின் அளவு கேட்டுக் காத்திருந்தார்.
ஒரு நிமிடம் என்று போட்டுவிட்டு
நானும் ஒருமுறை தட்டினேன்,
எந்தக் கை என்று பார்க்கவில்லை.