இருபத்தைந்தாம் மாடியில் ஒரு குன்று

பிடோக்கில் இந்தப் புளோக்கின்
இரண்டு மின்தூக்கிகளுக்கும் நான்தான் வைத்தியன்.
வடத்துக்கு எண்ணெய், கதவுக்கு நிதானம்,
மாதம் ஒருமுறை உச்சி அறையில்
மோட்டாரின் நாடி பிடித்துப் பார்ப்பேன்.

தைப்பூசம். இங்கே விடுமுறை இல்லை.
காலை ஆறுக்குப் புகார்:
ஒன்பதாம் மாடிப் படியில் பால், வழுக்குகிறது.
துப்புரவுக்குச் சொல்லவேண்டியதை
எனக்குச் சொன்னார்கள். போனேன்.

சொட்டுச் சொட்டாய் மேலேறிப் போயிருந்தது பால்.
பின்தொடர்ந்து பதினேழில் பிடித்தேன்.
திலகேஸ்வரி. பேருந்து ஓட்டுநர்.
சீருடை, வெறுங்கால்,
தலையில் பித்தளைச் சொம்பு.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்றேன்
தொழில்மானம் போனவனாய்.
"மலைக்கு யாராச்சும் லிஃப்ட்ல போவாங்களா?"

எந்த மலை?

மூச்சு வாங்க, மாடிக்குக் கொஞ்சமாகச் சொன்னாள்.
இந்தப் புளோக்கு நிற்கிற இடத்தில் ஒரு குன்று.
நில அளவைத் தாளில் வெறும் எண்,
நம்மவர் வாயில் வேலன் மேடு.

பதினெட்டு.
பால்மரம் சீவிய வைரவன் கத்தி
ஒரு கல்லில் பட்டு மணியாய் ஒலித்தது.
தோண்டினால் வேல்.

பத்தொன்பது.
யாரும் தோண்டவில்லை. வேலன் மறுபடி கோபித்து
இந்தத் தடவை கடலையே தாண்டிவிட்டான்.
பழத்துக்கா?
"டுரியானுக்கா இருக்கும்."

இருபதில் அது கப்பலுக்குப் பாரமாய் வந்த கல்.
எது நிஜம் என்றேன்.
"ஏறும்போது எது மூச்சுக்குத் தோதோ, அது."

மேட்டில் மணி கிடையாதாம்,
தண்டவாளத் துண்டொன்றைத் தட்டுவார்களாம்.
கடைசிப் பதினொரு படி பேசக்கூடாது.
முதல் பால் அடிவாரத்து இடும்பனுக்கு,
மிச்சம்தான் மேலே இருப்பவனுக்கு.
செவ்வாய்தோறும் கோப்பிக்கடை தியோ
இரண்டு ஆரஞ்சு வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்.
எந்தப் பத்தி யாருடையதென்று
வேலன் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.

பிறகு மலையே புறப்பட்டது.
கடலைத் தூர்க்க மண் வேண்டியிருந்தது.
ஓடும் பட்டையில் ஏறி
இரவும் பகலும் குன்று கிழக்குக் கரைக்குப் போனது.
பட்டைக்கு இராக்காவல் அவள் அப்பா.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
பொத்தானை அமுக்குவாராம்.
"இடும்பன் தோள்ல தூக்கினான்.
எங்கப்பா விரலால தூக்கினாரு."
அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

வேலனுக்கு வேறு கோயிலில் இடம் கிடைத்தது,
மூன்றாம் சந்நிதி, சமதளம்,
சக்கர நாற்காலி போகும்.
நல்லதுதான்.
ஆனால் அப்பாவின் நேர்த்திக்கடன்
ஏறுவதற்கு. நிற்பதற்கில்லை.

எனக்கு உயரக் கணக்கு அத்துப்படி.
"அந்த மேடு பன்னிரண்டாம் மாடியோடு
முடிஞ்சிருக்குமே" என்றேன்.
"அறுபது வருஷமாச்சு.
வேலன் வளர்ந்திருக்க மாட்டானா?"

இருபத்தைந்தின் கடைசிப் பதினொரு படி.
அவள் பேசவில்லை. நானும்.

மேலே பூட்டிய கதவு.
வருடா வருடம் இந்தக் கதவடியில்தான்
பாலை வைத்துவிட்டு இறங்குவாளாம்.
சாவி என் இடுப்பில்.
அவள் கேட்கவில்லை.
திறந்தேன்.

மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, காற்று.
தெற்கே கடலோரத்தில் நீட்டிப் படுத்திருந்தது மலை.
அதன்மேல் சைக்கிள்கள், தென்னைகள்,
விமானநிலையத்துக்கு விரையும் டாக்சிகள்.
வேலனுக்கும் இடும்பனுக்கும் பங்கு பிரிக்காமல்
சொம்பை அந்தப் பக்கம் சாய்த்தாள்.
சொட்டியது போக ஒரு கை அளவுதான் மீதி.

"இறங்க லிஃப்ட் பரவாயில்ல,
ஏழரைக்கு ஷிஃப்ட்" என்று போய்விட்டாள்.
உள்ளே மோட்டார் விழித்து வடம் நகர்ந்தது.

அறிக்கைத் தாள் எடுத்தேன்.
கசிவு: இல்லை.
தூக்கி: நல்ல நிலையில்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

மேலே வேலைபார்க்கையில்
பாதுகாப்புக் காலணியைக் கழற்றக்கூடாது,
இது விதி.
வாசலோரம் என்னுடையவை இரண்டும் கிடந்தன.
எப்போது கழற்றினேன்?