பக்கத்துக்கு அறுபது திர்ஹம்

ரோலாவில், மொய்தீன் கோயாவின் டைப்பிங் சென்டருக்கு
நான் எழுதிக்கொண்டு போனது ஐந்து பக்கம்.
அரபியாக்க, பக்கத்துக்கு அறுபது திர்ஹம்.
முத்திரை தனி.
"குறை" என்றார்.
குறைகளைத்தான் எழுதியிருந்தேன்.

முதலில் போனது
மகள் இருமிய இரவுகளின் கணக்கு.
பிறகு, மேல்வீட்டுக் கழிப்பறை
எங்கள் அடுப்புக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கிய அன்று
வாட்ச்மேன் சிரித்த சிரிப்பு.
ஆகஸ்டில் பதினொரு நாள் ஏசி நின்றபோது
நனைத்த துண்டைப் போர்த்திப் படுத்தோம் என்ற வரியை
கோயா இருமுறை வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கோடு கிழித்தார்.

மிஞ்சியது ஒன்றரைப் பக்கம்.
"ஒன்றரையும் இரண்டுதான்" என்றார்.
காசு கொடுத்த அரைப் பக்கம் வெறுமனே போவானேன்?
இருமலை மறுபடி சேர்க்கச் சொன்னேன்.

வலமிருந்து இடமாக ஓடியது என் புகார்.
கீழே என் கையெழுத்து மட்டும்
எதிர்த்திசையில்.

பலதியாவின் ஆள் பார்வையிட வருமுன்
ஓர் இரவு, பெயின்ட் டப்பாவோடு வந்தான் குல்சமான்.
பிள்ளை தூங்குகிறாள் என்றேன்.
"சத்தமில்லாமல் அடிப்பேன், பாய்" என்றான்.
அப்படியே அடித்தான்.
மறுநாள் வந்தவர் சுவரை ஒருமுறை பார்த்து
கைபேசியை மூன்றுமுறை பார்த்து
ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மன்றத்துக்குக் கட்டடக்காரர் வரவில்லை.
ஊத் வாசனையோடு ஒரு வக்கீல் வந்தார்.
அவர் அரபியில் சொன்னது
மொழிபெயர்ப்பாளர் வாயில் இந்தியாகி
என்னிடம் பாதி வந்து சேர்ந்தது:
மனுவிலேயே 'ருதூபா' என்றுதானே இருக்கிறது,
ஈரப்பதம்.
அது கடலுடையது.
கடலுக்கு என் கட்சிக்காரர் பொறுப்பல்ல.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பூஞ்சை என்றுதான் எழுதியிருந்தேன், ஐயா.
கறுப்புப் பூஞ்சை. தொட்டால் விரலில் மாவாய் ஒட்டும்.
எந்த இடத்தில் அது ஈரமானதோ!
ஈரத்துக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு.
அது உங்கள் கட்சிக்காரரிடம் இருந்திருந்தால்
இங்கே வந்திருக்கவே மாட்டேன்.
இதைச் சொல்லுமளவுக்கு
இந்தி எனக்குப் போதவில்லை.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து
மேசைமேல் வைத்தேன்.
ஒன்பதாம் நாள் சுவரிலிருந்து தானாக உரிந்த துண்டு,
உள்ளங்கை அகலம்.
ஒரு பக்கம் குல்சமானின் வெளிர்மஞ்சள்.
மறுபக்கம் கறுப்பு.
இதற்கும் இரண்டு பக்கம்தான்.
மொழிபெயர்ப்புக் கட்டணம் இல்லை.

நீதிபதி பேனா முனையால் அதைப் புரட்டினார்.
மறுபடி புரட்டினார்.
"அஃபன்" என்றார்.
எழுத்தர் தட்டெழுதினாள்.
மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன்
எனக்குப் புரிந்துவிட்ட ஒரே அரபிச் சொல்.

தீர்ப்பு நகலைக் கோயா வாசித்துச் சொன்னார்,
காசு வாங்கவில்லை.
முப்பது நாளில் பழுது பார்க்க வேண்டும்.
ஒரு மாத வாடகை திரும்பும்.
வாதி: ஸெஸ்ஹியான்.
அது யார் என்றேன்.
"நீதான். உன் ழகரம் பாஸ்போர்ட்டிலேயே உடைந்திருக்கிறது."
இருமலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
அறுபது திர்ஹம்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது.
புதுப்பிக்க மாட்டார்கள் என்று
குல்சமான் படிக்கட்டில் வைத்து மெதுவாகச் சொன்னான்.
அவன் அறையிலும் ஒழுகுகிறதாம்.

நேற்று இரவு பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
நானூற்றேழாம் வீட்டு மாரிசெல்,
வேலை உடுப்போடு, கையில் ஒரு பிஸ்கட் டின்.
பிள்ளைக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று
உள்ளே அழைத்தேன்.
மூடியைத் திறந்து காட்டினாள்.
சுவர்.

"இங்கிலீஷில் எழுதினால்
பக்கத்துக்கு எவ்வளவு?" என்றாள்.