பதினோரு கிலோ

இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
எழுதிக் கொடுக்கணுமாம்.
சேரம்பாடி ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்:
வெளிநாட்டு ஆட்களை வீட்டில் தங்கவைத்தால்
சி படிவம்.

வெளிநாட்டு ஆள்
என் அடுப்படியில் குந்தியபடி
பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிரவுசிங் சென்டர் பையன் கேட்டான்,
உறவு?
தங்கச்சி.
கூடப் பிறந்தவங்களா?
சித்தப்பா பொண்ணு.
கசின் என்று அடித்தான்.

தங்க இடம் தருபவர்: நான்.
நாடு: இந்தியா.
ஒன்பது வயதில் கப்பலை விட்டு இறங்கி
மண்டபம் முகாமில் தட்டோடு நின்ற நாளிலிருந்து
ரேஷன் கடையில், ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில்,
மகனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டில்
சிலோன்காரி.
அந்தக் கட்டத்தை இரண்டு தரம்
வாசிக்கச் சொன்னேன்.
பையனுக்குக் காது கேட்காதோ என்ற சந்தேகம்
என்மேல்.

கோணேஸ்வரியிடம் சொன்னால் சிரிக்கிறாள்.
"எங்க பக்கத்துல நாங்க இன்னும்
இந்தியத் தமிழர்தான் அக்கா.
கணக்கெடுக்க வர்றவங்க
அப்பிடித்தான் எழுதிக்கிட்டுப் போறாங்க."

அவர்கள் ஐந்து பேர். நாங்கள் நாலு.
ஒன்றரை அறை, ஒரு கக்கூஸ்,
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.
பலாப்பழ வாசத்துக்கு ராத்திரி யானை வந்து
லயத்துக் கூரையை உரசிப் போனபோது
மச்சான் மருதமுத்து எழுந்து உட்கார்ந்தார்:
"எங்களுக்குக் குளவி, உங்களுக்கு இதுவா."
விடியும்வரை படுக்கவே இல்லை.

பத்து நாளில் என் பேத்தி வர்ணிகா
கடைக்குப் போய் பாண் கேட்டாள்.
ஃபேனுக்குப் பந்தலூர் போகணும் மோளே
என்றாராம் இக்கா.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
பன்னிரண்டாம் நாள்
சீனி டப்பாவை மேல்தட்டில் எடுத்து வைத்தேன்.
திரும்பினால் கோணேஸ்வரி.
பார்த்தாள். பார்க்காதவள்போல்
சின்னவனைக் குளிப்பாட்டப் போனாள்.

மறுநாள் நான் புறப்படும்போது
இடுப்பில் என் பழைய படங்கு கட்டி
வாசலில் நிற்கிறாள்.
லீவுக்கு வந்த இடத்தில் என்னடி இது?
"கை சும்மா இருந்தா நோகுதுக்கா."

எங்களுக்குக் கத்தரி. அவளுக்கு விரல்.
நான் வெட்டிப்போன செடியைப் பார்த்து
நாக்கைச் சப்புக்கொட்டினாள்,
பிள்ளைக்கு மோசமாக முடிவெட்டிவிட்ட
பார்பரைப் பார்ப்பதுபோல்.
பதினெட்டுக் கிலோ வராவிட்டால்
அவர்கள் தோட்டத்தில் அரைப்பேர்தானாம்.
சொல்லிக்கொண்டே பறித்தாள்.
அட்டை ஏறியதைக்கூடக்
குனிந்து பார்க்கவில்லை.

தராசடியில் சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.
இது யாரு?
விருந்தாளி சார்.
விருந்தாளிக்கெல்லாம் பேர் போட முடியாதும்மா.
"அக்கா பேர்ல போடுங்க."
பதினோரு கிலோ.
கொட்டிவிட்டுச் சாக்கை உதறி
நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் டப்பா கீழ்த்தட்டில் இருந்தது.
யார் இறக்கினார்கள் என்று
நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
பிளேன்டீ மட்டும்
இனிப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

மே கடைசியில் திருச்சி பஸ் ஏறினார்கள்.
சின்னவன் கண்ணாடியில் மூச்சு விட்டு
விரலால் ஏதோ எழுதினான்.
என் பக்கத்திலிருந்து அது தலைகீழ்.
மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

சம்பளச் சீட்டு வந்தபோது
கூடுதல் கொழுந்து என்ற வரிசையில்
விரல் வைத்துத் தேடினேன்.
என் பேரில் அவள் கிலோ.
வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப
வேறொரு படிவமாம். பேங்க்கில் சொன்னார்கள்.

எவ்வளவு வரும் என்று வர்ணிகா
கணக்குப் போட்டுச் சொன்னாள்.
அந்தக் காசுக்குச் சீனி வாங்கினேன்.
டப்பா நிறையவில்லை.