ஒன்றரை அங்குலம்

டுலூத்தில் மார்ச் என்றால்
அழுக்குப் பனி, வராத காசோலை.
ஏரி இன்னும் இறுகித்தான் கிடக்கிறது.
தாதுக் கப்பல்கள் காத்திருக்கின்றன,
நானும்தான்.

வீட்டுக்கு மதிப்புச் சொல்வது என் பிழைப்பு.
வாங்குகிறவர் வங்கியில் ஐந்நூற்று ஐம்பது டாலர் கட்டுகிறார்.
வங்கி அதை நடுவிலிருக்கும் ஒரு கம்பெனிக்குத் தள்ளுகிறது.
கம்பெனி எனக்கு முந்நூற்று இருபது தரும்,
அறுபது நாள் கழித்து,
எல்லாம் சரியாக இருந்தால்.
இந்த 'எல்லாம் சரியாக'வுக்குள்
ஓர் ஆள் குடும்பத்தோடு குடியிருக்கலாம்.

பிப்ரவரி ஆறாம் தேதி, மேட்டுத் தெருவில் ஒரு மஞ்சள் வீடு.
ஆர்டிஸ் கோஸ்கெலா கதவைத் திறந்தாள்.
காலணியைக் கழற்றினேன். காலுறையில் ஓட்டை,
இருவருமே பார்க்காததுபோல் இருந்தோம்.
மேலே மூன்று அறை, ஓக் தரை, நல்ல வெளிச்சம்.
கீழே நிலவறையில் பெயிண்ட் வாசனை.
வடக்குச் சுவருக்கு மட்டும் புது வெள்ளை.

ஒரு சுவருக்கு மட்டும் யார் வெள்ளையடிப்பார்கள்?

கோட்டுப் பையிலிருந்து நூலை எடுத்து
மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினேன்.
நடுவில் சுவர் உள்ளே வந்து
நூலை வயிற்றால் தள்ளியது.
ஒன்றரை அங்குலம்.
"நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான்" என்றாள் ஆர்டிஸ்.
காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது.

டெரிக் ஹாலோரன் வங்கியில் கடன் பார்ப்பவன்.
சட்டப்படி அவன் என்னிடம் எண்ணைச் சொல்லக் கூடாது.
எண்ணைத் தவிர எல்லாம் சொன்னான்:
அந்தப் பையனும் பெண்ணும் எவ்வளவு நல்லவர்கள்,
பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம்,
தெருக்கோடி வீடு என்ன விலைக்குப் போனது,
அவன் மேஜையில் எத்தனை கோப்பு
யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கிடக்கிறது.

பேசிய விலை இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
நான் எழுதியது இரண்டு லட்சத்து அறுபத்தொன்று.

கம்பெனியிலிருந்து கடிதம்:
மறுபரிசீலனை செய்யவும்.
ஒப்பிட வேறு மூன்று வீடுகள் இணைக்கப்பட்டுள்ளன.
மூன்றும் ஏரியைப் பார்த்த வீடுகள்.
மஞ்சள் வீடு பார்ப்பது ஒரு டயர் கடையை.
பதில் எழுதினேன். இன்னொரு கடிதம். இன்னொரு பதில்.
நூலின் படத்தை மூன்று முறை அனுப்பினேன்.
பில்லின் நிலை: நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

லவோன் ஸ்டாடும் நானும் ஒரே ஆண்டு உரிமம் வாங்கினோம்.
கேட்ட எண்ணை அவன் கேட்டபடி கொடுத்தான்,
அவனுக்குப் பத்தே நாளில் பணம் வந்தது.
பிறகு அந்த வீடுகளின் கதவில் வங்கி பூட்டுப் போட்டது.
இப்போது விஸ்கான்சினில் படகு விற்கிறான்.
என் மகள் பல்லுக்குக் கம்பி கட்டப் பணம் கொடுத்தவன் அவன்.
நல்ல மனிதன். அதுதான் சங்கடம்.

என் கூலி விலையோடு ஏறுவதில்லை, இறங்குவதில்லை.
மாளிகைக்கும் அதே, மாட்டுக் கொட்டகைக்கும் அதே.
ஏறினால் என் நூல் எங்கே கட்டப்படும் என்று
எனக்கே உறுதியாகத் தெரியாது.

பேரம் முறிந்தது.
கடையில் பால் அலமாரிக்கு முன்னால் ஆர்டிஸைப் பார்த்தேன்.
வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.
அவள் போன வரிசையில் நாய்த் தீனி மட்டும்தான்.
அவளிடம் நாய் கிடையாது, எனக்குத் தெரியும்,
வீடு முழுக்க அளந்தவள் நான்.

எழுபத்து நாலாம் நாள் காசோலை வந்தது.
பெறுபவர்: மார்லிஸ் ஹாகன்.
தொகை: முந்நூற்று ஐந்து.
பதினைந்து டாலர் தொழில்நுட்பக் கட்டணமாம்.
உறையின் மேல் அஞ்சல்தலை கோணலாக ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வெப்ப அடுப்பைப் பழுது பார்க்க ஆள் வந்தான்.
அவனுக்கு அங்கேயே, அப்போதே கொடுத்தேன்.
அவன் போன பிறகு நிலவறையில் சும்மா நின்றேன்.
கோட்டுப் பையில் நூல் இருந்தது.

என் வடக்குச் சுவர், முக்கால் அங்குலம்.

யாரும் கேட்கவில்லை.
பென்சிலால் சுவரிலேயே எழுதினேன்,
தேதி போட்டு.