ஒன்பது வினாடிக்கு ஒரு சொட்டு

முப்பத்தோராம் எண் வீட்டில் ஆளில்லை.
ஓபர்ஹோல்சர் குடும்பம் கடலோரம் போய் வருடம் ஒன்றாகிறது.
கதவில் பூட்டு, பூட்டில் துரு.
ஆனாலும் தண்ணீர் ஓடுகிறது
என்றது என் நோட்டு.

நகராட்சியில் எனக்கு இதுதான் வேலை:
நடைபாதையில் மண்டியிட்டு இரும்பு மூடியைத் தூக்குவது,
சிலந்தியை ஊதிவிட்டு எண்களைப் படிப்பது.
அணை வற்றிய பிறகு படிக்க அதிகம் இல்லை.
கரூ வெளியின் இந்தக் கோடியில்
போன மாத எண்ணும் இந்த மாத எண்ணும்
இரட்டைப் பிள்ளைகள்.

மார்ச்சில் அந்த மூடியைத் தூக்கினேன்.
குழாய் இணைப்பில் கசிவு.
அதன் கீழே, குழியின் மங்கலில்,
ஏழு தயிர் டப்பாக்கள்.
ஒவ்வொன்றிலும் பருமணல்,
மணலில் விரல் நீளத் தண்டு,
அடியிலைகள் கிள்ளி,
கணுவுக்கு ஒரு நெல் கீழே வெட்டி,
வெட்டுவாயை ஓரிரவு உலரவிட்டு நட்டிருந்தது
யாரோ ஒரு தெரிந்த கை.

சொட்டை எண்ணினேன். ஒன்பது வினாடிக்கு ஒன்று.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு:
கசிவு, ஆம் அல்லது இல்லை.
பேனாவில் மை காய்ந்திருந்தது
என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அவளே நின்றாள்.
மெரென்சியா செப்டம்பர், பக்கத்து வீடு,
நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட்,
தூங்காத கண், கையில் காப்பிக் குவளை.
(செப்டம்பர் அவள் குடும்பப் பெயர்.
அடிமைகளை வாங்கியவர்கள்
வாங்கிய மாதத்தையே பெயராக ஒட்டினார்கள் என்பார்கள்.
என் பெயருக்குப் பின்னால் ஜூலை இருக்கிறது.
நாங்கள் அதைப் பேசவில்லை.)

"ஓட்டை நான் போட்டதில்லை.
விழுகிற இடத்தில் டப்பா வைத்தேன், அவ்வளவுதான்."

செடி எங்கே கிடைத்தது என்றேன்.

"ரவுண்டானாவில். பெலர்கோனியம்.
மூன்று வருடமாக ஒருத்தர் தண்ணீர் காட்டவில்லை,
லாரிப் புகையைக் குடித்துவிட்டுப் பூக்கிறது,
கறுப்பென்றே சொல்லலாம், அத்தனை சிவப்பு.
அதுவும் உன் நகராட்சிச் சொத்துதான்.
எழுதிக்கொள்."

எழுதவில்லை.
இருவருமாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தோம்.
சொட்டுக்கு நேர் கீழே செல்லமாக இருந்த நான்கும்
அடி கறுத்து, மசிந்து,
தொட்டதும் கழன்று வந்தன.
ஓரத்தில், தெறிப்பு மட்டும் கண்ட மூன்று
சாம்பல் படர்ந்த சின்ன நெஞ்சிலைகளோடு
யார் மேலோ கோபம்போல விறைத்து நின்றன.
அவற்றில் ஒன்றை மெல்ல இழுத்தாள்.
அது பதிலுக்கு இழுத்தது.

"பிடித்துக்கொண்டது" என்றாள்.
காப்பி ஆறிப்போயிருந்தது.

ஜூனில், உறைபனி வந்த வாரம்,
வேறொருவன் ஸ்பானரோடு வந்து கசிவை அடைத்தான்.
புகார் என்னுடையதில்லை.
அவள் கேட்கவுமில்லை,
டப்பாக்களை எப்போதோ எடுத்துப்போயிருந்தாள்.
ஒன்றை மட்டும் என் சைக்கிள் கூடையில் வைத்து,
"பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மூடி தண்ணீர்.
அதற்குமேல் ஊற்றத் தோன்றினால்
கையைப் பையில் விட்டுக்கொள்" என்றாள்.

என் கையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?
ஊரெல்லாம் தண்ணீரை எண்ணுகிற கை அது.
டேங்கர் லாரியில் வரிசை நின்று
கொண்டுவந்த வாளி அடுப்பங்கரையில் இருக்கும்.
ஜன்னலில் அந்தச் செடி
எதுவும் கேட்காமல் இருக்கும்.
கேட்காததைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் கடினம்.
பல் துலக்கிய தண்ணீர்.
முட்டை வேகவைத்த தண்ணீர், ஆறவிட்டு.
இதெல்லாம் ஊற்றியதாகக் கணக்கா?

செப்டம்பர் வந்தது.
அவளும் வந்தாள், சீருடையோடு, விடிகாலையில்.
பூவில்லை. ஒரு மொட்டுகூட இல்லை.
இலைகள் மட்டும் பச்சைபச்சையாக,
உள்ளங்கை அகலத்துக்கு, கொழுத்து.
ஓர் இலையைக் கட்டைவிரலால் தடவினாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்,
நான் மீட்டரைப் பார்க்கிற மாதிரி.

"ஊற்றியிருக்கிறாய்."

கசிவு: ஆம்.